கரைப்பான் போன வழி

இரு பொருள்களை ஒன்றாகச் சேர்ப்பதற்கு மனிதன் கண்ட வழிகள் பல. கயிறு கொண்டு கட்டினான். ஆணி கொண்டு அறைந்தான். தீயில் உருக்கிப் பற்றவைத்தான். பசை தடவி ஒட்டினான். முதல் இரண்டுக்கும் பொருளின் மேற்பரப்பு எப்படி இருந்தாலும் கவலை இல்லை. அழுக்குப் படிந்த மரத்திலும் ஆணி இறங்கும். பின் இரண்டுக்கோ தூய்மையே உயிர். மிதிவண்டி டியூபுக்கு ஒட்டுப் போடுகிறவரைப் பாருங்கள். ஓட்டையைக் கண்டவுடன் அவர் ‘சொல்யூஷன்’ தடவிவிடுவதில்லை. அந்த இடத்தை முதலில் உரசுகிறார், துடைக்கிறார், சிலர் ஒரு சொட்டுப் பெட்ரோல் விட்டும் துடைப்பர். அதன் பிறகே பசை. இந்த ஒழுங்கை மீறிப் போட்ட ஒட்டு அடுத்த தெருவரைகூடத் தாங்காது.

மிதிவண்டிக் கடையில் நடக்கும் இந்த வேலைதான் ஆகாய விமானம் செய்யும் இடத்திலும், கணினி உறுப்புகள் செய்யும் தொழிற்சாலையிலும் பெரிய அளவில் நடைபெறுகிறது. உலோகத்தை உலோகத்தோடு பசையால் பிணைக்குமுன், அதன்மேல் உள்ள எண்ணெய்ப் பிசுக்கை ஒரு கரைப்பானால் நீக்குகிறார்கள். எண்ணெயைக் கரைத்துக் கொண்டுபோய், தான் ஒரு துளியும் எஞ்சாமல் பறந்து மறைவதே நல்ல கரைப்பானின் இலக்கணம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. உலோகத்தின்மேல் ஏதேனும் எஞ்சியிருக்கிறதா என்று ஓயாமல் சோதித்தவர்கள், பறந்தது எங்கே போயிற்று என்று கேட்க மறந்தார்கள். அந்தக் கேள்வி எழுந்த வரலாற்றையும், அதில் சிங்கப்பூருக்கு உள்ள பங்கையும் ஈண்டு நோக்குவோம்.

நம் கைவினைஞர் அறிந்தது

தூய்மை இல்லையேல் பற்று இல்லை என்னும் அறிவு நமக்குப் புதிதன்று. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவோர் முதலில் பாத்திரத்தை மணலும் புளியும் கொண்டு தேய்ப்பர். பின் அதைச் சூடாக்கி நவச்சாரப் பொடி தூவுவர். நவச்சாரம் சூட்டில் சிதைந்து, உலோகத்தின்மேல் படிந்துள்ள களிம்புப் படலத்தை நீக்கும். அந்த நொடியில் ஈயத்தைத் தேய்த்துப் பஞ்சினால் பரப்பினால் அது வெள்ளிபோல் மின்னிப் பற்றிக்கொள்ளும். பொற்கொல்லர் நகையைப் பற்றவைக்கும்போது வெண்காரம் சேர்ப்பதும் இதே காரணம் பற்றியே. ‘பொடி வைத்து ஊதுதல்’ என்று நாம் அன்றாடம் பேசும் தொடர் அவருடைய பட்டறையிலிருந்து வந்ததுதான். சிராங்கூன் ரோட்டு நகைக் கடைகளுக்குப் பெயர்பெற்ற பொற்கொல்லர் மரபு, இந்த அறிவைக் கையோடு கொண்டுவந்த மரபாகும்.

உலோகம் தூய்மையாயிற்றா என்பதை அறியத் தொழிற்சாலைகளில் இன்றும் கையாளப்படும் எளிய சோதனை ஒன்று தமிழாசிரியர்களுக்கு உவப்பளிக்கும். கழுவிய தகட்டின்மேல் தூய நீரை ஓடவிடுவர். எண்ணெய்ப் பிசுக்கு சிறிதேனும் இருந்தால், தாமரை இலைமேல் தண்ணீர்போல் அது முத்து முத்தாகத் திரண்டு ஒதுங்கும். பிசுக்கு இல்லையானால், உடையாத மெல்லிய படலமாகத் தகடு முழுவதும் பரந்து நிற்கும். ஒட்டாமைக்கு நம் முன்னோர் காட்டிய உவமையே இங்கே சோதனையாக வந்து நிற்கிறது. நீர் பரவாத இடத்தில் பசையும் பரவாது. பசை பரவாத இடத்தில் பிணைப்பும் இல்லை.

ஆனால், ஈயம் பூசுகிறவரின் முகத்தையும் சற்று நினைத்துப் பார்க்கவேண்டும். நவச்சாரம் தூவியவுடன் வெண்புகை எழும். அது அவருடைய கண்ணை எரிக்கும்; தொண்டையைக் கமறவைக்கும். பளபளப்பு பாத்திரத்துக்கு, புகை அவருக்கு. கழுவும் பொருள் முதலில் சென்று சேரும் இடம் கழுவுகிறவரின் மூச்சுதான் என்பதை அந்தப் புகை கண்ணுக்குத் தெரியும்படி காட்டியது. பின்னர் வந்த கரைப்பான்களுக்கு நிறம் இல்லை. எனவே அவை போன வழி எவர் கண்ணுக்கும் படவில்லை.

தீயை வென்ற திரவம்

இயந்திரங்கள் பெருகிய காலத்தில் எண்ணெய் படிந்த உறுப்புகளைக் கழுவ மண்ணெண்ணெயும் பெட்ரோலுமே பயன்பட்டன. மண்ணெண்ணெய் மெல்ல உலரும். உலர்ந்தபின் தானே ஒரு மெல்லிய பிசுக்கை விட்டுச்செல்லும். பெட்ரோல் விரைவில் உலரும்; ஆனால் ஒரு தீப்பொறி போதும், பட்டறையே சாம்பலாகும். இந்த இரண்டு குறையும் இல்லாத ஒன்றை நாடியவர்களுக்கு 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கிடைத்ததுதான் டிரைகுளோரோ எத்திலீன் என்னும் திரவம். எண்ணெயை நன்றாகக் கரைக்கும், விரைவில் உலரும், பட்டறைத் தீப்பொறிக்கு எளிதில் பற்றாது.

இதனைக் கொண்டு உலோகத்தைக் கழுவும் முறை நுட்பமானது. ஆழமான தொட்டியின் அடியில் திரவத்தைக் கொதிக்கவைப்பர். அது ஏறத்தாழ 87 பாகை வெப்பத்தில் கொதிக்கும். அதன் ஆவி காற்றைவிட நான்கரை மடங்கு கனமானது. ஆகையால் அது மேலே பறந்துவிடாமல், குளத்தில் நீர் நிற்பதுபோலத் தொட்டிக்குள்ளேயே நிற்கும். தொட்டியின் மேற்புறத்தில் சுற்றிவரும் குளிர்நீர்க் குழாய்கள் அதனை மீண்டும் திரவமாக்கிக் கீழே சொட்டவைக்கும். குளிர்ந்த உலோகத்தை இந்த ஆவிக்குள் தொங்கவிட்டால், பனித்துளி படிவதுபோல ஆவி அதன்மேல் படிந்து, எண்ணெயைக் கரைத்துக்கொண்டு வழியும். உலோகம் ஆவியின் சூட்டை அடைந்ததும் படிவது தானே நின்றுவிடும். ஈரமின்றி, பிசுக்கின்றி வெளியே எடுத்துவிடலாம். அழுக்குத் திரவம் அடியில் தங்க, புதிய ஆவி மட்டுமே உலோகத்தைத் தொடுவதால், ஒவ்வொரு முறையும் தூய கழுவலே கிடைக்கிறது.

அறிவு நுட்பம் வாய்ந்த ஏற்பாடுதான், ஐயமில்லை. ஆனால் தொட்டிக்கு வாய் உண்டு. மூடியைத் திறந்தே வைத்தாலும், பக்கத்தில் விசிறி சுழன்றாலும், உறுப்பை அவசரமாக மேலே இழுத்தாலும், உள்ளே நிற்கும் ஆவி கலைந்து வெளியே வழியும். உறுப்பை நிமிடத்துக்கு 11 அடிக்கு மேற்பட்ட வேகத்தில் தூக்கலாகாது என்று அமெரிக்காவில் பிற்காலத்தில் விதி செய்தார்கள். கூலி கணக்கிடப்படும் இடத்தில் கை அவ்வளவு நிதானமாக இயங்குமா என்பது வேறு கேள்வி.

இத்திரவம் தீங்கற்றது என்ற நம்பிக்கையும் பரவியிருந்தது. காப்பிக் கொட்டையிலிருந்து காபீன் என்னும் சத்தைப் பிரிக்க இதனைப் பயன்படுத்தினார்கள். மருத்துவமனைகளில் பிள்ளைப்பேற்றின் வலி தணிக்கவும் இதன் ஆவியை முகரச் செய்தார்கள். மயக்கம் தருவது மூளையைத் தொடுகிறது என்பதுதானே பொருள்! மருத்துவர் அளந்து ஒருமுறை தருவது வேறு. தொழிலாளி அளவறியாமல் நாள்தோறும் எட்டு மணி நேரம் முகர்வது வேறு. இந்த வேறுபாட்டை உலகம் உணரப் பல ஆண்டுகள் ஆயின.

ஆணிக்கு மாற்றாக வந்த பசை

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் உலோகப் பசை புதிய உயரத்தை எட்டியது. இங்கிலாந்தில் டக்ஸ்போர்டு என்னும் இடத்தில் நார்மன் டி புரூயின் என்ற அறிஞரின் ஆராய்ச்சிக் கூடத்தில் 1941இல் ‘ரெடக்ஸ்’ என்னும் பசை உருவாயிற்று. டி ஹாவிலாண்டு நிறுவனத்தின் ‘ஹார்னெட்’ போர்விமானத்தில் அது முதலில் இடம்பெற்றது. அதன்பின் அதே நிறுவனத்தின் ‘காமெட்’ ஜெட் விமானத்தில் விரிவாகப் பயன்பட்டது. அந்தக் காமெட் விமானம் 1952 அக்டோபரில் லண்டனிலிருந்து சிங்கப்பூருக்குப் பயணிகளை ஏற்றிவரத் தொடங்கியது. 1955இல் முதன்முதலாகப் பறந்த ‘போக்கர் பிரண்ட்ஷிப்’ விமானத்தின் உடலிலும் சிறகிலும் பசைப் பிணைப்பே பேரிடம் பெற்றது. 1960களில் சிங்கப்பூரையும் மலாயா நகரங்களையும் இணைத்துப் பறந்த விமானங்களுள் இதுவும் ஒன்று. நம் பெற்றோர் தலைமுறையினர் பசையால் ஒட்டிய விமானத்தில் பறந்தார்கள் என்றால் இளையோர் வியப்பர்.

ஆணி அடிக்கும் இடமெல்லாம் துளை. துளை இருக்கும் இடமெல்லாம் விரிசலுக்கு வித்து. பசையோ சுமையைப் பரப்பு முழுவதும் பகிர்ந்து தாங்கும். இது அதன் பெருமை. ஆனால் ஆணி சரியாக இறங்கியதா என்று கண்ணால் காணலாம்; பசை சரியாகப் பற்றியதா என்று வெளியிலிருந்து காண இயலாது. ஆகவே பசைக்கு முன் நடக்கும் கழுவலே அதன் காப்புறுதி. அலுமினியத் தகட்டை முதலில் டிரைகுளோரோ எத்திலீன் ஆவியில் கழுவி, பின்னர் அமிலத்தில் தோய்த்து, அதன்பின் நீரில் அலசி உலர்த்திப் பசையிடுவது அக்காலத்து வழக்கம்.

இந்த ஒழுங்கு பிழைத்தால் என்னாகும் என்பதற்கு 1988 ஏப்ரல் 28இல் ஹவாய்த் தீவுகளின் மேல் ஒரு சான்று கிடைத்தது. ஏறத்தாழ 24,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்த அலோகா நிறுவனத்தின் போயிங் 737 விமானத்தின் முன்பகுதிக் கூரை 18 அடி நீளத்துக்குப் பிய்த்துக்கொண்டு போயிற்று. பணிப்பெண் ஒருவர் வெளியே தூக்கியெறியப்பட்டு மாண்டார். விமானம் எப்படியோ தரையிறங்கியது. 1969இல் செய்யப்பட்ட அந்த விமானத்தின் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடங்களில் பசை விட்டுப்போயிருந்தது. விட்ட இடைவெளியில் ஈரம் புகுந்து உலோகத்தை அரித்தது. பசை தாங்கவேண்டிய சுமை ஆணித் துளைகளின்மேல் விழுந்து விரிசல் கண்டது. ஆகவே, ‘கரைப்பான் தீங்கானது, கழுவாமலே ஒட்டிவிடுவோம்’ என்று சொல்லித் தப்ப வழியில்லை. கழுவத்தான் வேண்டும். எதைக் கொண்டு, எப்படி என்பதே சிக்கல்.

சிங்கப்பூரில் தெரிந்த உண்மை

1961இல் பொருளியல் வளர்ச்சிக் கழகம் தோன்றியது. ஜூரோங் சதுப்பு நிலம் தொழிற்பேட்டையாக மாறத் தொடங்கியது. 1960களின் இறுதியில் அமெரிக்க மின்னணு நிறுவனங்கள் சிங்கப்பூருக்கு வந்தன. 1982இல் கணினியின் நினைவுத் தட்டு செய்யும் தொழிலும் வந்து சேர்ந்தது. சில ஆண்டுகளில் அத்தொழிலில் சிங்கப்பூர் உலகின் முன்னணியில் நின்றது. நினைவுத் தட்டுப் பெட்டிக்குள் காந்தங்கள் எஃகுத் தகட்டோடு பசையால் ஒட்டப்படுகின்றன. தட்டைப் படிக்கும் நுண்ணிய தலைப்பகுதி மெல்லிய உலோகக் கையோடு பசையால் ஒட்டப்படுகிறது. ஒரு துகள், ஒரு விரல்ரேகை இருந்தாலும் எல்லாம் பாழ். எனவே கரைப்பான் தொட்டிகள் பெருகின. அத்தொட்டிகளின் அருகில் நின்றவர்களுள் இளம்பெண்கள் மிகுதி. ஜொகூர் பாலத்தைக் கடந்து வேலைக்கு வந்தவர்களும் அவர்களோடு இருந்தனர். எங்கள் தோட்டப் பள்ளிகளில் படித்து, பால்வெட்டை விட்டு மின்னணுத் தொழிலுக்குப் போன பிள்ளைகளும் அந்தத் தலைமுறையினரே.

1984இல் சிங்கப்பூர் மருத்துவர்கள் அறுவர் ஒரு கட்டுரையை உலகின் முன் வைத்தனர். பூன், சான், ராஜன், டான், திருமூர்த்தி, கோ என்பன அவர்களுடைய பெயர்கள். டிரைகுளோரோ எத்திலீனோடு வேலை செய்த ஐவருக்கு வந்த கொடிய நோயைப் பற்றியது அக்கட்டுரை. காய்ச்சல்; உடலெங்கும் தடிப்பு; வாயிலும் கண்ணிலும் புண்; தோல் கொப்புளித்து உரிதல்; கல்லீரலுக்கும் கேடு. ஸ்டீவன்ஸ்–ஜான்சன் நோய் என்று மருத்துவர் சொல்வது இதனை. வழக்கமாக ஏதேனும் மருந்து ஒவ்வாமற்போனால் வருவது. இங்கே மருந்தன்று, தொழிலே காரணமாயிற்று. வேலையில் சேர்ந்த சில வாரங்களிலேயே நோய் தோன்றியது.

சீன, மலாய், தமிழர் சமூகங்கள் கூடி வாழும் ஊரின் மருத்துவர்கள் கூடிக் கண்ட இந்த உண்மையின் முழுப்பொருள் பின்னரே விளங்கிற்று. சீனாவின் குவாங்டோங் மாநிலத் தொழிற்சாலைகளில் இதே நோய் பலருக்குக் காணப்பட்டது. குருதியில் ஒருவகைப் பரம்பரைக் கூறு உடையவர்களையே இந்நோய் பெரிதும் பற்றுகிறது என்று 2007இல் சீன ஆய்வாளர் கண்டறிந்தனர். ஆசிய மக்களிடையே அக்கூறு அரிதன்று. ‘நூறு பேர் முகர்ந்தார்கள், ஒன்றும் ஆகவில்லை’ என்ற பேச்சு இதனால் அடிபட்டுப் போகிறது. நூற்றொன்றாவது பெண்ணின் உடல் எப்படிப்பட்டது என்று மேலாளருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2012இல் டிரைகுளோரோ எத்திலீனை மனிதர்க்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் முதல் வரிசையில் சேர்த்தது. ஐரோப்பாவில் 2016 முதல் தனி அனுமதி இன்றி அதனைப் பயன்படுத்தக்கூடாது என்றாயிற்று. அமெரிக்கா 2024 டிசம்பரில் அதன் பயன்பாடுகளைத் தடைசெய்யும் விதியை வெளியிட்டது. அவ்விதியின் சில பகுதிகள் வழக்குகளில் சிக்கின. சிங்கப்பூரில் அதனோடு வேலை செய்வோர் காலமுறைப்படி மருத்துவச் சோதனைக்கு உட்படவேண்டும் என்பது சட்டம்.

மூச்சைக் காத்தது, வானைக் கெடுத்தது

டிரைகுளோரோ எத்திலீனுக்கு மாற்றாக இரண்டு திரவங்கள் கொண்டாடப்பட்டன. ஒன்று மெத்தில் குளோரோபார்ம், மற்றொன்று சி.எப்.சி. 113. இரண்டாவது தீப்பற்றாது, மணம் பெரிதாக இல்லை, நஞ்சு மிகக் குறைவு, 48 பாகையிலேயே கொதிப்பதால் மென்மையான உறுப்பையும் கெடுக்காது. தொழிலாளியின் மூச்சைக் காத்த கரைப்பான் வந்துவிட்டது என்று மின்னணு உலகம் மகிழ்ந்தது.

எதனோடும் எளிதில் வினைபுரியாத குணமே அதன் சிறப்பு. அதுவே அதன் கேடுமாயிற்று. கீழ்க்காற்றில் அதனைச் சிதைப்பது எதுவுமில்லை. ஏறத்தாழ 90 ஆண்டுகள் அழியாமல் இருந்து, மெல்ல மேலேறி, ஓசோன் படலத்தை அடைகிறது. அங்கே கதிரவனின் கடுங்கதிரால் உடைந்து குளோரினை விடுகிறது. அந்தக் குளோரின் ஓசோனை அழிக்கிறது. மோலினா, ரோலண்டு என்னும் இருவரும் 1974இல் இதனை எடுத்துரைத்தனர். 1985இல் தென்துருவ வானில் ஓசோன் பெரிதும் குறைந்திருப்பதை ஆங்கில அறிஞர் மூவர் அறிவித்தனர்.

இவ்விடத்தில் ஒரு தமிழரை நினைவுகூர்தல் கடன். வீரபத்திரன் ராமநாதன் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்றவர். தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட அவர், 11 வயதில் குடும்பத்தோடு பெங்களூருக்குப் பெயர்ந்தபோது, ஆங்கில வகுப்பில் ஆசிரியர் சொல்வது புரியாமல் தாமே சிந்தித்துக் கற்கும் பழக்கத்தை மேற்கொண்டார் என்பர். படித்தபின் செகந்தராபாத்தில் குளிர்பதனப் பெட்டித் தொழிற்சாலையில் வேலை. அங்கே அவருக்கு இட்ட பணி, பெட்டியிலிருந்து சி.எப்.சி. வாயு ஏன் கசிகிறது என்று ஆராய்வது. பின் அமெரிக்கா சென்ற அவர், கசிந்த வாயு வானில் என்ன செய்கிறது என்று கணக்கிட்டார். சி.எப்.சி. வாயுக்கள் பூமியின் வெப்பத்தைப் போர்வைபோல் பிடித்துவைக்கும் பேராற்றல் உடையன என்று 1975இல் உலகுக்கு எடுத்துச்சொன்னவர் அவரே. சி.எப்.சி. 113 நூறாண்டுக் கணக்கில் கரியமிலவாயுவைப்போல் ஏறத்தாழ ஆறாயிரம் மடங்கு வெப்பமூட்டும் என்பது இன்றைய கணக்கு. ஏன் கசிகிறது என்ற தொழிலாளியின் கேள்வியும், கசிந்தது எங்கே போகிறது என்ற அறிஞனின் கேள்வியும் ஒரே மனிதரின் வாழ்வில் இணைந்தன.

ஏலத்தில் விட்ட கரைப்பான்

1987 செப்டம்பர் 16இல் மான்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. சிங்கப்பூர் 1989இல் அதில் சேர்ந்தது. சிங்கப்பூர் சி.எப்.சி. செய்யும் நாடன்று, அதற்கு வேண்டியது அனைத்தும் இறக்குமதி. அவ்வாண்டிலேயே அரசாங்கம் புதுமையான ஏற்பாடு ஒன்றைச் செய்தது. நாட்டுக்குள் வரத்தக்க மொத்த அளவை வரையறுத்தது. அதில் ஒரு பாதியை, முன்பு வாங்கிப் பயன்படுத்தியவர்களுக்கு அவரவர் பழைய அளவைப் பொறுத்துப் பகிர்ந்தது. மறுபாதியை விலைகேட்புக்கு விட்டது.

இதன் விளைவைப் பாருங்கள். முன்பு கரைப்பான் மலிவு. தொட்டியின் மூடியைத் திறந்துவைத்தால் யாருக்கும் நட்டமில்லை. போனது காற்றோடு போயிற்று. இப்போது ஒவ்வொரு பீப்பாய்க்கும் ஏலவிலை. மூடாத தொட்டியிலிருந்து பணம் ஆவியாகிறது என்பதைக் கணக்குப்பிள்ளை கண்டுகொண்டார். மூச்சுக்காக மூடாத மூடியை விலைக்காக மூடினார்கள். 1996 தொடக்கத்தோடு புதிய சி.எப்.சி.யும் மெத்தில் குளோரோபார்மும் சிங்கப்பூருக்குள் வருவது நின்றது. வளரும் நாடுகளுக்கு உடன்படிக்கை தந்த தவணை அதற்குப் பல ஆண்டுகள் பின்னரே முடிவதாக இருந்தது. உலகெங்கும் எடுத்த இத்தகைய முயற்சிகளால், துருவங்கள் நீங்கிய பகுதிகளில் ஓசோன் படலம் 2040 அளவில் பழைய நிலைக்குத் திரும்பும் என்பது 2022இல் ஐ.நா. வல்லுநர் தந்த மதிப்பீடு.

மாற்றிலும் விழிப்பு வேண்டும்

இத்தோடு கதை முடிந்திருந்தால் நன்று. சி.எப்.சி. போனபின் வந்த மாற்றுகளில் ஒன்று புரோப்பைல் புரோமைடு. ஓசோனுக்கு அதனால் கேடு குறைவு. ஆனால் அமெரிக்காவில் இருக்கை மெத்தைகளுக்கு அது கலந்த பசையைத் தெளித்த தொழிலாளர் பலருக்கு நரம்பு தளர்ந்து கால் மரத்துப்போயிற்று. சீனாவின் சூசோ நகரில் 2009இல் விண்டெக் தொழிற்சாலையில், கைப்பேசித் திரைகளைத் துடைக்க ஆல்கஹாலுக்கு மாற்றாக ஹெக்சேன் தரப்பட்டது. அது விரைவில் உலரும். விரைவில் உலர்ந்தால் மணிக்கு மிகுதியான திரை துடைக்கலாம். விரைவில் உலர்ந்தது அத்தனையும் துடைத்தவர்களின் நுரையீரலுக்குள் சென்றது. நரம்புக் கேடுற்றோர் 137 பேர் என்று ஆப்பிள் நிறுவனமே பின்னர் அறிவித்தது. அலசிப் பார்த்தால், ஒவ்வொரு மாற்றும் முந்தியதன் குறை ஒன்றை நீக்கித் தன் குறை ஒன்றை மறைத்துக்கொண்டு வந்திருப்பது புலனாகும்.

ஆவிக் கசிவு குறைந்த கழுவல் என்று இன்று சொல்வதற்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, திரவமே இயல்பாக மெல்ல ஆவியாவது. மற்றொன்று, திரவம் எதுவாயினும் பாத்திரம் அதனை வெளியே விடாதது. முதல் வகையில் சோப்புபோன்ற காரம் கலந்த வெந்நீர், அதனுள் மீயொலி அதிர்வு, கொதிநிலை உயர்ந்த ஆல்கஹால் வகைகள் ஆகியன அடங்கும். இரண்டாம் வகையில், காற்றை நீக்கி, முழுதும் அடைத்த அறைக்குள் கழுவி, ஆவியனைத்தையும் குளிரவைத்து மீட்டபின்னரே கதவைத் திறக்கும் இயந்திரங்கள் அடங்கும். லேசர் ஒளியாலும், மின்னூட்டிய வாயுவாலும், கரியமிலவாயுவின் பனியாலும் கழுவும் முறைகளும் வந்துள்ளன. எதுவும் இலவசமன்று. மெல்ல ஆவியாகும் திரவம் உலோகத்தில் எஞ்சிப் பசையைக் கெடுக்கும். ஆதலால் அலசலும் உலர்த்தலும் மிகுதியாக வேண்டும். வெந்நீரில் கழுவினால் எண்ணெய் கலந்த கழிவுநீர் மிஞ்சும்; அதனைப் பிரித்தெடுக்காமல் சாக்கடையில் விடலாகாது.

சிங்கப்பூரில் இது வெறும் நல்லொழுக்கப் பேச்சன்று. 2003 முதல் இந்நாடு கழிவுநீரைத் தூய்மைசெய்து ‘நியூவாட்டர்’ என்னும் பெயரால் மீண்டும் பயன்படுத்துகிறது. எளிதில் ஆவியாகும் கரைப்பானை வரம்பு மீறிக் கழிவுக்குழாயில் விடுதல் குற்றம். அதனை மோப்பம்பிடிக்கும் கருவிகள் குழாய்களில் பொருத்தப்பட்டுள்ளன. கரைப்பான் போன வழியைச் சுற்றிவந்தால் அது நம் குவளையிலேயே வந்து முடியும் என்பதை இவ்வூர் அறிந்திருக்கிறது.

ஆசிரியர் செய்யத்தக்கது

தமிழாசிரியர்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமை மாலை தேக்காவில் கூடிநிற்கும் தமிழ்த் தொழிலாளரைப் பாருங்கள். அவர்களுள் பலர் கப்பல் பட்டறைகளிலும் உலோகத் தொழிற்கூடங்களிலும் ‘தின்னர்’ நனைத்த துணியோடு நாள் முழுவதும் வேலை செய்கிறவர்கள். பீப்பாயின் மேல் ஒட்டியுள்ள தாளில் சிவப்புக் கட்டத்துக்குள், மார்பில் நட்சத்திரம் வெடித்ததுபோன்ற மனித உருவம் இருக்கும். அது உள்ளுறுப்புக்கும் எதிர்காலத்துக்கும் கேடு என்பதன் குறி. அதனருகே எழுதியிருப்பது பெரும்பாலும் ஆங்கிலம். மணம் இல்லையேல் தீங்கு இல்லை என்பது தவறு. நனைந்த துணியை மூடியுள்ள தொட்டியில் இடவேண்டும். வேலை தொடங்கிய சில வாரங்களில் காய்ச்சலும் தடிப்பும் வந்தால் என்ன திரவத்தோடு வேலை என்று மருத்துவரிடம் சொல்லவேண்டும். இம்மூன்றையும் தெளிவான தமிழில் எழுதித் தருவதும் தமிழ்த்தொண்டே ஆகும்.

வகுப்பறையிலும் இதனைக் காட்டலாம். இரண்டு சிறு துணித் துண்டுகளில் சம அளவு ஸ்பிரிட் நனைத்து, ஒன்றை மூடியிட்ட போத்தலிலும் மற்றொன்றைத் திறந்த தட்டிலும் வைத்து, எடை குறித்துக்கொள்ளுங்கள். சன்னல்கள் திறந்திருக்கட்டும். ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் நிறுத்துப் பாருங்கள். போத்தல் தன் எடையை வைத்திருக்கும், தட்டு இழந்திருக்கும். இழந்தது எங்கே என்று மாணவரைக் கேளுங்கள். விடை சொல்ல அவர்கள் இழுக்கும் மூச்சிலேயே அதில் ஒரு பகுதி இருக்கிறது.